பறக்கும் தட்டுக்கு ஒரு சாட்சி

வானத்தில் வெளிச்சம் கண்டதாக யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் களைப்புத்தான் வருகிறது. பத்து வயதில் நானும் கண்டவள்.

அப்போது பாரிஸின் லா ஷப்பலில், ரயில் பாதைகளைப் பார்த்த ஒற்றை அறையில் இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். உணவகமொன்றில் கோப்பை கழுவும் வேலை. வேலைக்குக் கிளம்பும் முன் ஜன்னலடியில் நின்று தேநீர் குடிப்பார். அப்படி ஒரு மாலையில்தான் தண்டவாளங்களுக்கு மேலே செம்மஞ்சளாய் ஒரு வெளிச்சம் அசையாமல் நின்றது. பிறகு சத்தமே இல்லாமல் வடக்கே போய் மறைந்தது. "இதென்ன கோதாரி!" என்றார் மாமா. வானத்தில் வருவதெல்லாம் சத்தத்தோடு வந்து குண்டு போட்டுவிட்டுப் போகும் என்பதுதான் அவர் அனுபவம்.

மறுநாள் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஒன்று ரஷ்யா விண்ணில் ஏவிய செய்மதி என்றது. இன்னொன்று வேற்றுக்கிரகத்தார் பாரிஸில் இறங்க இடம் தேடுவதாக எழுதியது. நமக்கே இருக்க இடமில்லை, இதற்குள் அவர்களுமா என்று அப்பா சலித்துக்கொண்டார்.

வகுப்பில் ஆசிரியை பழைய கதையெல்லாம் சொன்னார். அமெரிக்காவில் முதலில் இப்படியான வெளிச்சங்களை விசாரித்தது விமானப்படையாம். பலூன், வெள்ளிக் கிரகம், பறவைக் கூட்டம் என்று அவர்கள் ஒவ்வொன்றாக மூடிவைக்க, பத்திரிகைகள் செவ்வாயிலிருந்து ஆள் வந்ததாக எழுதித் தள்ளினவாம். நான் கையைத் தூக்கி, நானும் கண்டேன் என்றேன். வகுப்பே சிரித்தது. புளுகி என்றார்கள். என் மாமாவும் கண்டவர், கேட்டுப் பாருங்கள் என்று கத்தினேன். ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. எங்கேயோ தொலைபேசியில் பேசினார்.

பிரான்சில் இந்த விசாரணை ழாந்தார்ம்களின் வேலை. அவர்கள் இராணுவத்தைச் சேர்ந்த பொலிஸ்காரர். இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல மனிதர்கள், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்கு வகுப்பில் யார் சிரிப்பார்கள் பார்ப்போம்!

வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவள் நான்தான். கேள்வியை நானே மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். கதிரை போட்டும் மாமா உட்காரவில்லை. அவர்களின் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்டும் காணேல்லை எண்டு சொல்லு."

"நீங்களும்தானே மாமா கண்டனீங்கள்!"

"காணேல்லை எண்டு சொல்லு, பிள்ளை."

சொன்னேன். என்னைப் புளுகியாக்கும் வசனத்தை நானே பிரெஞ்சில் பெயர்த்துச் சொன்னேன். மூத்தவர் என் தலையைத் தடவி, வெள்ளிக் கிரகமாக இருக்கும் என்றார். அவர்கள் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை மாமா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அம்மா ஊற்றிய தேநீர் ஆறிப்போய்க் கிடந்தது.

அதன் பிறகு நான் மாமாவோடு பேசவில்லை. ஒரு கிழமை கழித்து அம்மா என்னை அடுப்பிருந்த குசினி மூலைக்கு இழுத்துக்கொண்டு போய், மெல்லிய குரலில், "ஊரிலை மாமா ஒருக்காக் கண்டதைச் சொன்னவர், பிள்ளை," என்றார்.

மிச்சக் கதையை வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். ஊரில் இராணுவம் கடைகளைக் கொளுத்தியதை மாமா நேரில் கண்டிருக்கிறார். பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்க, கண்டதைக் கண்டபடி சொல்லியிருக்கிறார். அது பெயரோடு அச்சில் வந்தது. அவரைத் தேடி இராணுவம் வந்தபோது வீட்டில் நின்றது அவருடைய தம்பி, என் சின்ன மாமா. அவர்கள் கொண்டுபோன சின்ன மாமா திரும்பி வரவேயில்லை.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? கோபமெல்லாம் பறந்துபோய், கண்ணை அகல விரித்துக்கொண்டு அம்மாவைக் கேட்டேன்:

"அப்ப அங்கையும் பறக்கும் தட்டு வந்ததோ?"