வளையத்தின் கடைசித் துண்டு

இதைப் படிக்கும் நீங்களே எனக்குச் சாட்சி. பட்டிமன்ற மேடைகளில் எதிரணிகளை வாயடைக்கச் செய்தவன் நான். அதில் எனக்குள்ள பெருமையை மறைக்கப்போவதில்லை. ஆயினும் பத்து வயதில், ஆறு வயதுத் தம்பியிடம் நான் தோற்ற ஒரு காலைப்பொழுதை நன்றியோடு உங்கள்முன் வைக்கிறேன்.

என் தம்பிக்கு ஆட்டிசம். அதிகம் பேசமாட்டான். இரைச்சல் கூடினால் காதைப் பொத்திக்கொள்வான். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால் அலறுவான். "இது நோய் இல்லம்மா. அடுத்தது இன்னான்னு அவன் கண்ணுக்கும் கைக்கும் தெரியணும்" என்று வேலூரில் அவனுக்குப் பயிற்சியளித்த அக்கா சொல்லி, படம் போட்ட அட்டைகளைக் கொடுத்தார். அட்டைகள் இரண்டே நாளில் தம்பியின் வாய்க்குள் போயின.

அம்மாவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் வேலை. அங்கே தோலின் நிறமும் தரமும் காட்டும் மாதிரித் துண்டுகளை வளையத்தில் கோத்து மாட்டியிருப்பார்கள். கழிவுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, அம்மாவும் ஒரு வளையம் செய்து தம்பியின் பையில் மாட்டினார். சொரசொரப்பான துண்டு பாடம், பளபளக்கும் கறுப்பு சாப்பாடு, சிவப்பு விளையாட்டு. கடைசியில் மெத்தென்ற பழுப்புத் துண்டு: அம்மா வந்து அழைத்துப்போகும் நேரம். ஒன்று முடிந்ததும் தம்பி அதைப் பின்னால் தள்ளிவிட்டு அடுத்ததைத் தடவுவான்.

"ஒரு வாரம் உட்காரட்டும். கிளாஸ் நடத்த முடியலைன்னா வேற இடம் பாத்துக்குங்கம்மா" என்று தம்பியைச் சேர்க்கப் போனபோது எங்கள் பள்ளித் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். பள்ளி விடும் நேரத்துக்கு வந்து அழைத்துப்போக, அம்மா அந்த வாரம் முழுக்கக் கம்பெனியில் பர்மிஷன் போட்டார். நான்கு நாள்கள் அமைதியாகக் கழிந்தன.

ஐந்தாம் நாள், பள்ளி வாசலில் என் வகுப்புப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாடா, உன் தம்பி கம்பெனியவே பையில மாட்டிக்கினு வர்றான்?"

"மோந்து பாருடா, ஷூ வாசனை ஜாஸ்தி!"

பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கியவனுக்கு இது பொறுக்குமா? வளையத்தைக் கழற்றி என் பைக்குள் போட்டேன். அடுத்தது என்ன என்று வாயால் சொன்னால் போதாதா? அதற்குத்தான் நான் இருக்கிறேனே!

முதல் பாடவேளை முடிந்ததும் அலறல் கேட்டது. ஓடினேன். தம்பி பெஞ்சுக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தான். நான் கையை உயர்த்தி, ஏற்ற இறக்கத்தோடு அன்றைய நிகழ்ச்சி நிரலை முழங்கினேன். என் குரல் உயர உயர அவன் குரலும் உயர்ந்தது.

"நிறுத்துறியா? நீ பேசப் பேசத்தான் கத்தறான்!" என்றார் வகுப்பு மிஸ்.

அம்மாவுக்குப் போன் போயிற்று. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், பசை வாசனையோடு வந்து நின்றார்.

"நாங்களும் பாத்தோம்மா. முடியல" என்றார் தலைமையாசிரியை.

அம்மா தம்பியின் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வளையத்தை எடுத்து நீட்டினேன். அவர் ஒரு சொல்லும் சொல்லாமல், தம்பிக்கு ஒரு கை தூரத்தில் தரையில் அமர்ந்து, வளையத்தைப் பிடித்தபடி காத்திருந்தார். நெடுநேரம் கழித்து, பெஞ்சுக்கடியிலிருந்து ஒரு சின்னக் கை வந்தது. மூன்று துண்டுகளைத் தாண்டிப் போய்ப் பழுப்புத் துண்டைப் பற்றிக் கன்னத்தில் வைத்துக்கொண்டது. அலறல் ஓய்ந்தது.

"நான்தான் எடுத்தேன் மிஸ். அவன் மேல தப்பு இல்ல." என் வாழ்வின் மிகச் சிறிய சொற்பொழிவு அதுதான்.

தலைமையாசிரியை அம்மாவிடம் திரும்பினார். "திங்கக்கிழமை கூட்டிக்கினு வாங்கம்மா. கிளாஸ் சுவத்துலயும் இந்த மாதிரி ஒண்ணு மாட்டலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்திற்காக இன்றும் மனத்துக்குள் அவரை வணங்குகிறேன்.

வீடு வரும்வரை அம்மா பேசவில்லை. அது எனக்கான தண்டனை என்றே நினைத்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்துவந்த தம்பிக்காக அவர் தெருவின் இரைச்சலில் தன் பங்கைக் குறைத்துக்கொண்டார் என்பது அப்போது விளங்கவில்லை. ஒளித்தது வெறும் தோல் துண்டு என்றுதான் எண்ணியிருந்தேன். அம்மா திரும்பி வருவார் என்ற அவனுடைய ஒரே உறுதியை ஒளித்திருந்தேன்.

சென்ற ஆண்டு கல்லூரி விழாவில் பரிசு வாங்கியபோது, தம்பி முன்வரிசையில் அம்மாவின் பக்கத்தில், மடியில் வளையத்தோடு அமர்ந்திருந்தான். மைக்கை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, அவன்முன் மண்டியிட்டு, அம்மாவும் கேட்கும்படி சொன்னேன்: "வளையத்த இனி யாரும் உங்கிட்ட இருந்து எடுக்க விடமாட்டேன்டா. கடைசித் துண்டு வர்ற வரைக்கும் பக்கத்துலயே பேசாம உட்கார்ந்திருப்பேன்."