மூன்றாம் சுற்றுக்குப் பிறகு

சிஸ்டரின் மணிக்கட்டில் விரிசல் இருப்பதை முதலில் பார்த்தவள் நான்தான். இருட்டறையில் பிலிமைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்; எலும்பின் முனையில் மெல்லிய கோடு. திருக்கழுக்குன்றம் ரோட்டில் சைக்கிளில் போனவர், மாட்டு வண்டிக்கு வழிவிடுகிறேன் என்று வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தார்.

"இடது கையா போச்சு," என்றார். "கால் உடைஞ்சிருந்தா கவலையே இல்ல. உட்கார்ந்து வாசிச்சிருப்பேன்."

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. சென்னையில் எக்ஸ்ரே படித்துவிட்டுச் செங்கல்பட்டு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். அங்கே அயர்லாந்திலிருந்து வந்த சிஸ்டர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஞாயிறு சாயங்காலம் பெண்கள் வார்டு வராந்தாவில் நாற்காலி போட்டு, தங்கள் ஊர்ப் பாட்டுகளை வாசிப்பார்கள். வாய்க்காலில் விழுந்தவர் வயலின். மருந்து கட்டும் அறையில் இருந்தவர் தகரக் குழல். பிரசவ வார்டுக்காரர் கான்சர்டினா. ஆர்மோனியத்தைச் சுருக்கி இரண்டு உள்ளங்கைக்குள் அடக்கினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு துருத்திப் பெட்டி.

அந்த ஞாயிறு வாசிப்புக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. சென்னையிலிருந்து பெரிய மதர், அவர்கள் நாட்டுப் புனிதரின் திருநாளுக்காக மார்ச்சில் வருகிறார். ஆரம்பித்தால் நிற்பதே இல்லை, வார்டில் சாப்பாடு ஆறிப்போகிறது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு தடவை கேட்டுவிட்டு, தொடரலாமா வேண்டாமா என்று சொல்லிவிடுவாராம்.

"அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான்," என்றார் வயலின் சிஸ்டர், மாவுக்கட்டு காயக் காத்திருந்தபடி. "எனக்கு வீட்டிலிருந்து வந்தது இது ஒண்ணுதான். வயலின் இல்லாம மத்த ரெண்டு பேர் வாசிச்சா, பாதிப் பாட்டுதான் கேட்கும். முழுசாக் கேட்டுட்டு வேண்டாம்னு சொன்னா சரி."

விடுதியில் என் கட்டிலுக்கடியில் ஒரு வயலின் இருந்தது. வர்ணங்கள் தாண்டிச் சில கீர்த்தனைகள் வரை கற்றிருந்தேன். அவருக்குப் பதில் நான் வாசிக்கிறேன் என்று சொன்னேன்.

எதையும் வரிசை போட்டால்தான் எனக்கு மனசு அடங்கும். மாற்ற வேண்டியவை மூன்று. ஒன்று, தந்திகளின் சுருதி. நம்முடைய ச-ப-ச-ப அவர்களுக்கு உதவாது. இரண்டு, கமகம்; ஸ்வரத்தை அசைக்காமல் வைத்தாலே போதும் என்றார்கள், அதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்று, உட்காருவது. நாற்காலியில் உட்கார்ந்து தாடைக்குக் கீழே வயலினைப் பிடிக்க என்னால் முடியவில்லை. கடைசியில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேலே பாய் விரித்துக் கொடுத்தார்கள். தாளம் மட்டும் தொந்தரவு தரவில்லை. அவர்களுடைய 'ஜிக்' என்ற துள்ளல் பாட்டு நம்முடைய தகிட தகிடதான்.

வார நாட்களில் கான்வென்டில் வாத்தியம் தொடக் கூடாது. ஆனால் சனிக்கிழமை ஆஸ்பத்திரி வேன் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பங்களுக்கு மருந்தோடு போகும். வேலை முடிந்ததும் சவுக்குத் தோப்பு ஓரம் உட்கார்ந்துவிடுவோம். அவர்களிடம் எழுதிய ஸ்வரம் எதுவும் கிடையாது. வயலின் சிஸ்டர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "டிட்லி டம், டிட்லி டம்" என்று வாயாலேயே பாட்டைச் சொல்வார். நான் ஜதி கேட்பதுபோல் கேட்டு வாசிப்பேன். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு பாட்டு.

முதலில் மெதுவான ஒன்றை எடுத்தோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கிட்டே வந்து நின்றாள்.

"இன்னாம்மா, யார்னா பூட்டாங்களா?"

"யாரும் பூடல, நீ சும்மா கேளு," என்றார் குழல் சிஸ்டர். ஆயாக்களிடம் தமிழ் கற்றவர். அவர் வாயைத் திறந்தால் அயர்லாந்து தெரியாது, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுதான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை ஜிக் ஆரம்பித்ததும் அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "ஐய, இது கல்யாண வூடு மாதிரி கீது. மொதல்லயே இத்த வாசிக்கிறதுக்கு இன்னா?"

திருநாளன்று வராந்தா நிரம்பிவிட்டது. கட்டிலோடு இழுத்து வந்த நோயாளிகள், நர்ஸுகள், ஆயாக்கள். நடுவில் மதர். பக்கத்தில் வயலின் சிஸ்டர், கட்டுப்போட்ட கையோடு.

"ஒவ்வொரு பாட்டும் மூணு தபா. நெனப்பு வெச்சுக்க," என்றார் குழல் சிஸ்டர் என் காதருகில்.

அதை அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மூன்று தடவை வந்தால் முடிவு என்பது கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியாதா?

முதல் ஜிக் நன்றாகவே போயிற்று. மூன்றாம் சுற்றின் கடைசி அடி வந்தது. அந்த அடியை நான் மூன்று முறை திருப்பி, வேகத்தைக் கொஞ்சம் தளர்த்தி, கடைசி ஸ்வரத்தில் ஆசை தீர ஓர் அசைப்பும் கொடுத்து, வில்லை மடியில் வைத்தேன். ஆயாக்கள் எல்லோருக்கும் புரிந்தது. பலமாகக் கைதட்டினார்கள்.

குழலும் கான்சர்டினாவும் அதற்குள் அடுத்த பாட்டில் இருந்தன.

ஒரு பாட்டு மூன்று சுற்று முடிந்ததும் மூச்சு விடாமல் அடுத்ததற்குள் நுழைந்துவிடுவது அவர்கள் வழக்கம். அதைச் சொல்ல வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் பழகியதோ ஒவ்வொன்றாக. கைதட்டலில் குழல் தடுமாறி நின்றது. துருத்தி ஒரு பெருமூச்சு விட்டு ஓய்ந்தது. மதர் முன்னால் குனிந்து பார்த்தார்.

அப்போதுதான் "டிட்லி டம்" கேட்டது. வயலின் சிஸ்டர் எழுந்து நின்றிருந்தார். முகம் காது வரை சிவந்திருந்தது. ஆனாலும் இரண்டாவது பாட்டை முதலிலிருந்து வாயாலேயே பாடினார், மாவுக்கட்டால் நாற்காலி முதுகில் தட்டிக்கொண்டு. குழல் வந்து சேர்ந்தது, பிறகு துருத்தி, கடைசியில் நான். இந்தத் தடவை மூன்றாம் சுற்றில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணால் 'போ' என்றார், போனேன். இன்னும் இரண்டு பாட்டுகள் தாண்டி, கண்ணால் 'போதும்' என்றபோது எனக்குத் தெரிந்த முடிவையே மறுபடி வைத்தேன். மற்ற இரண்டு பேரும் எப்படியோ கூடவே வந்து நின்றார்கள்.

மதர் என் பெஞ்சுக்கு வந்தார்.

"அந்த முடிவு உங்க ஊர் வழக்கமா?"

"ஆமாம், மதர்."

"எங்க அப்பா வீட்டுச் சமையலறையில இதே பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவ நான். எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது. அடுப்பில இருக்கிறது தீஞ்சு போகும்." வயலின் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை வாசியுங்க. சாப்பாட்டு மணிக்கு முன்னாடி இந்தப் பொண்ணு நிறுத்துவா. அவ நிறுத்தினா நிறுத்தினதுதான்."

"சரி, மதர்," என்றார் வயலின் சிஸ்டர். அவர் சிரித்ததை நான் பார்த்தேன், மதர் பார்க்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு வராந்தாவில் இரண்டு வயலின்கள் ஆயின. நாற்காலியில் ஒன்று, பெஞ்சில் ஒன்று. சாப்பாட்டு மணி நெருங்கும்போது நான் வில்லை மெதுவாக்கினால், சிஸ்டர் என் பக்கம் திரும்பாமலே, "இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்பார்.