மூன்று எலுமிச்சம்பழம்

என் கணவர் பொய் சொல்லும்போது தண்ணீர் குடிப்பார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் நான் கண்டுபிடித்த உருப்படியான விஷயம் அது ஒன்றுதான். என் உத்தியோகமும் அந்த மாதிரி. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடும் டெஸ்டர். நாள் முழுக்கச் சந்தேகப்படுகிறவள் வீட்டு வாசலில் செருப்போடு அதையும் கழற்றி வைத்துவிட்டா வர முடியும்?

ஃபிரிஸ்கோ வீட்டில் அவர் இரண்டு காரையும் கராஜிலிருந்து எடுத்து வெளியே வெயிலில் நிறுத்தியபோதே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. டெக்சாஸ் வெயிலில் காரைக் காயப்போடுகிற ஆள் இல்லை அவர். கேட்டதற்கு, "ஒரு ஹாபிம்மா" என்றார். அடுத்த வாரம் நீளநீளமாக மரச்சட்டங்கள் வந்தன. பிறகு பசை டப்பாக்கள், துணிச்சுருள்கள், கடைசியாக ஒரு சின்ன என்ஜின். தோசைமாவு வரைக்கும் மரத்தூள் வாசனை.

விமானம் செய்கிறார். அதுவும் பிரான்ஸ்காரர் ஒருவர் தொள்ளாயிரத்து முப்பதுகளில் வடிவமைத்த ஒற்றை ஆள் விமானம். ஒரு இறக்கைக்குப் பின்னால் இன்னொரு இறக்கை. ஆணி அடிக்கத் தெரிந்த யாரும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று அந்த மனுஷர் சொன்னாராம். அதற்கு அவர்கள் பாஷையில் வைத்த பெயர் 'ஆகாயப் பேன்'. பெயரைப் பாருங்கள்!

"இது பறக்குமா?" என்று கேட்டேன்.

"சேச்சே, ஷோபீஸ். முடிச்சுட்டு ஏதாவது மியூசியத்துக்குக் குடுத்துடலாம்."

கராஜில் தண்ணீர் பாட்டில் இல்லை. அதனால் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அதிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு பிரான்ஸ்காரர்களின் விமானங்கள்தான் தொட்டுக்கொள்ள. ஒன்று பீப்பாய் மாதிரி வட்டமான இறக்கையோடு நெட்டுக்குத்தாக நிற்குமாம், நின்றபடியே மேலே போகுமாம். இன்னொன்றின் என்ஜின் வேகம் பிடிக்காமல் உயிர்பெறாது. அதனால் அதை வேறொரு விமானத்தின் முதுகில் ஏற்றிக்கொண்டு போய் வானத்தில் அவிழ்த்து விடுவார்களாம். ஊரெல்லாம் ஒரு வழியில் போனால் அவர்கள் வேறு வழியில்தான் போவார்கள் என்று சொல்லும்போது இவர் முகத்தில் ஒரு பெருமை, ஏதோ பங்காளி வீட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி. எல்லாக் கதைக்கும் என் கேள்வி ஒன்றுதான்.

"அதை ஓட்டினவர் என்ன ஆனார்?"

"பீப்பாயா? சாஞ்சு விழுந்துது. சீட்டோட வெளிய குதிச்சுட்டார். பலத்த அடி, ஆனா பொழைச்சுக்கிட்டார்."

"உங்க பேனை ஓட்டினவங்க?"

"அவங்களுக்கு என்ன, ஜாலியா பறந்தாங்க" என்று சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தார். அன்றைக்கு வத்தக்குழம்பு. காரத்துக்குக் குடிக்கிறார் என்று விட்டுவிட்டேன். என் தொழிலில் இதற்குப் பெயர் அலட்சியம்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த மளிகை லிஸ்ட்டில் அவர் கையெழுத்தில் ஒரு வரி: தேங்காய் 1, கற்பூரம், எலுமிச்சம்பழம் 3. கோயிலுக்குத்தான். புதுக் கார் வாங்கினால் அனுமார் கோயிலுக்குக் கொண்டுபோய், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வாகன பூஜை செய்யாத தமிழன் இந்த ஊரில் கிடையாது. ஆனால் நாங்கள் கார் வாங்கவில்லை. காருக்கு மூன்று சக்கரமும் இல்லை.

கராஜுக்குப் போய் எண்ணினேன். முன்னால் இரண்டு. வாலுக்கு அடியில் குட்டியாக ஒன்று. ஷோபீஸுக்கு எதற்கடா வாகன பூஜை?

அவரிடம் கேட்கவில்லை. உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஆகாயப் பேன் ஆட்களைக் கொன்றிருக்கிறது. மூக்கு ஒரு அளவுக்குமேல் கீழே இறங்கிவிட்டால், முன்னிறக்கையும் பின்னிறக்கையும் நெருக்கமாக இருந்த முதல் வடிவத்தில், அதைத் திரும்பத் தூக்கவே முடியாதாம். சில நாடுகளில் தடையே போட்டிருக்கிறார்கள். பிறகு காரணத்தைக் கண்டுபிடித்து அளவுகளைத் திருத்தினார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். இவர் செய்து வைத்திருந்தது முதல் வடிவம்.

காலையில் காபியோடு திருத்திய படத்தையும் அவர் முன்னால் வைத்தேன்.

"தெரியும்" என்றார் தலையைத் தூக்காமல். "பத்தடிக்கு மேல போக மாட்டேன். நீ பேனைப் பெருமாள் ஆக்காத."

"தெரிஞ்சுமா? என்கிட்ட ஜாலியா பறந்தாங்கன்னு சொன்னீங்களே!"

"சொன்னா விட்டிருப்பியா?"

எனக்கு வந்த கோபம் இறக்கைமேல் இல்லை. நான் தனியாக நிற்க நேர்ந்தால் நிற்கட்டும் என்று ஒரு மனுஷன் என் கண்ணெதிரே மாசக்கணக்கில் ஆணி அடித்திருக்கிறான். அழுதேன், கத்தினேன். கடைசியில், "நான் பாஸ் போடற வரைக்கும் இது தரையை விட்டுக் கிளம்பக் கூடாது" என்றேன். அவர் சம்மதித்தார். அப்போது தண்ணீர் குடிக்கவில்லை.

எட்டு மாதம். இறக்கையைக் கழற்றித் திருத்திய அளவுக்கு மறுபடி செய்தார். நான் ஒவ்வொரு இணைப்பையும் தட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்தேன். நாற்பத்தேழு குறை எழுதினேன். முகம் சுளிக்காமல் நாற்பத்தேழையும் சரிசெய்தார். இதையே தொழிலாகக் கொண்ட ஓர் ஆய்வாளரும் வந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் லிஸ்ட் தீர்ந்துபோனது. குறை இருந்தவரை எனக்குத் தைரியமாக இருந்தது. ஒன்றுமே இல்லை என்றதும்தான் பயம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேர தூரத்தில், சின்ன விமானங்கள் ஏறி இறங்கும் புல்தரைக்குப் போனோம். காற்றே இல்லை, வானம் துடைத்து வைத்த மாதிரி. கோயிலில் அர்ச்சனை செய்து வாங்கிய பழங்கள் என் கைப்பையில். இறக்கைகளை மாட்டி முடித்து அவர் உள்ளே ஏறி உட்கார்ந்தார். ஹெல்மெட்டுக்குள் முகம் சின்னதாகிவிட்டது.

"நீயே வைம்மா. நீதான பாஸ் போட்டே."

குனிந்து முன்சக்கரத்துக்கு ஒன்று வைத்தேன். அடுத்ததற்கு ஒன்று. வாலுக்குப் போய்ப் பைக்குள் கையை விட்டேன். பழம் கையில் தட்டுப்பட்டது. அப்படியே விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தேன்.

"மூணாவது?"

"அச்சச்சோ, வீட்டுலயே மறந்துட்டேங்க. ரெண்டுதான் இருக்கு."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாட்டிலைப் பார்த்தார். பெல்ட்டை அவிழ்த்து மெதுவாக இறங்கி வந்து, இரண்டு பழத்தையும் பொறுக்கி என்னிடம் கொடுத்தார்.

"குறையோட கிளம்பக் கூடாது. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

மறுபடி இறக்கைகளைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றினோம். திரும்பும் வழியில் எங்கள் எக்ஸிட் வந்தது. இன்டிகேட்டர் போட்டுவிட்டு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"மூணையும் ஃப்ரிட்ஜ்ல வெச்சுடு. பையிலயே இருந்தா அழுகிடும்."