பொக்கற் இல்லாத பெருநாள் களிசான்கள்

பாலையூற்றில் இருந்த என் தையற்கடைக்கு அந்தப் பெட்டையைக் கூட்டிவந்தவர் நன்னடத்தை உத்தியோகத்தர். அப்போது எனக்குக் கலியாணமாகிக் கொஞ்சக் காலம்தான். வீட்டு முன்னறையில் இரண்டு மெசின் போட்டு, துறைமுகத்து ஆட்களின் காக்கிச் சட்டையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைக் கவுண் வரை தைத்துக் கொடுத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது ஊருக்கே தெரியும். வேறு ஒருத்தரும் ஏற்காமல்தான் அந்த ஐயா என்னிடம் வந்திருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பெட்டைக்குப் பதினாறு வயது. சின்னதிலேயே கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே மோதிரம் ஒன்று காணாமல் போக, இவள் அடிக்குப் பயந்து ஓட, பொலிஸ் பிடித்து, நீதிமன்றம் சீர்திருத்தப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டது. தையல் பழகியது அங்கேதான். இப்போது சின்னம்மா வீட்டில் இருக்க விட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு தொழிலில் நிலைத்து நிற்கவேண்டும், ஒழுங்காக இருக்கிறாள் என்று பொறுப்பான ஒருத்தர் சொல்லவேண்டும். இல்லையென்றால் திரும்ப அங்கேதான். அந்தப் பொறுப்பான ஒருத்தர் நானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. என் சோற்றுப்பானை அடிப்பிடிக்காத நாளே குறைவு.

அவள் வாயே திறக்கமாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் கதைத்தேன். வேலையில் ஒரு குறை சொல்ல ஏலாது, நூல் பிடித்தது போல நேராக ஓடும் தையல். ஒரேயொரு பழக்கம்தான் எனக்கு எரிச்சல். பின்னேரம் வீட்டுக்குப் புறப்படும்போது வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாள். பிறகு பாவாடையை உதறுவாள். அதற்குப் பிறகுதான் படியிறங்குவாள். சாமியிடம் வரம் கேட்கிறாளோ என்று பகிடி பண்ணிப் பார்த்தேன். பழக்கம் என்று மட்டும் சொன்னாள். ஆளுக்கொரு கிறுக்கு என்று விட்டுவிட்டேன். என் மனிசனுக்கும்தான் பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிற கிறுக்கு இருக்கிறது.

நோன்புப் பெருநாள் நெருங்கியபோது கிண்ணியாப் புடவைக்கடை முதலாளி ஒருவர் சின்னப் பொடியன்களுக்கு ஒரு கட்டுக் காற்சட்டை, எங்கள் பேச்சில் களிசான், தைக்கத் தந்தார். துணி முழுவதையும் நானே வெட்டினேன், பொக்கற்றுக்கான பைத் துண்டுகள் உட்பட. வெட்டி முடிந்த கையோடு காய்ச்சல் வந்து பாயில் விழுந்தேன். பெட்டை தனியே இருந்து அவ்வளவையும் தைத்தாள். மெசின் ஓடுகிற சத்தம் கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது.

முதலாளி வருவதாகச் சொன்ன நாள் எழும்பி வந்து ஒன்றைக் கையில் எடுத்தேன். திருப்பினேன். பொக்கற் இல்லை. இன்னொன்றை எடுத்தேன், அதிலும் இல்லை. ஒன்றிலும் இல்லை! வெட்டிய துண்டுகள் எல்லாம் நாடாவால் கட்டி, கூடைக்குள் வடிவாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

காய்ச்சல்காரிக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. பெருநாள் காலையில் பொடியன்கள் புது உடுப்போடு வீடு வீடாகப் போவார்கள், பெரியாட்கள் கையில் காசு வைப்பார்கள். கிண்ணியாப் பொடியனுக்குப் பெருநாள் களிசானே அந்தப் பொக்கற்றுக்காகத்தான். நான் கத்திக்கொண்டிருக்கும்போதே முதலாளி வாசலில் வந்து நின்றார். என் கெட்ட காலத்துக்கு, அவருக்குப் பின்னாலேயே குடையோடு நன்னடத்தை ஐயாவும்.

முதலாளி ஒரு களிசானைத் தூக்கிப் பொக்கற் இருக்கவேண்டிய இடத்தில் கையை விட்டார். கை வழுக்கிக்கொண்டு கீழே போனது.

"தங்கச்சி, பெருநாள் காச புள்ளைகள் எங்க வைக்கிற? வாய்க்குள்ளயா?"

ஐயா என்னைப் பார்த்தார். "உங்களுக்குச் சரிவராதெண்டாச் சொல்லுங்கோ, பிள்ளை. திங்கட்கிழமை திருப்பிக் கூட்டிக்கொண்டு போறன்."

கூட்டிக்கொண்டு போங்கோ என்று சொல்ல நாக்கு நுனியில் வந்துவிட்டது. அதற்கு முதல் அவளிடம் ஒரு கேள்வி கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. துண்டெல்லாம் வெட்டி வைத்திருக்க, கண் தெரியாமல் போனதோ என்று கேட்டேன்.

அவள் மெசினைப் பார்த்தபடி சொன்னாள். "சின்னாக்களுக்குப் பொக்கற் வைக்கக்கூடாதெண்டு நினைச்சனான், அக்கா. பொக்கற் இருந்தாச் சோதிப்பினம். ஒண்டும் இல்லாட்டியும் அடிப்பினம்."

வாசலில் அவள் விரித்த கைகள் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு பின்னேரமும், உன் வீட்டிலிருந்து நான் ஒன்றும் எடுக்கவில்லை என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் போயிருக்கிறாள். கோபம் ஆறவில்லை, கூடித்தான் போனது. ஆனால் அதை வாங்கவேண்டிய ஆட்கள் அந்த அறையில் இல்லை.

ஆகவே அறையில் இருந்தவர்களை ஏவத் தொடங்கினேன். கிண்ணியாவுக்குப் போகும் கடைசிப் படகுக்கு இன்னும் நேரம் இருந்தது. பக்கத் தையலைப் பிரிக்க நேரம் காணாது, பின்பக்கம் வெளியே வைத்துத் தைத்தால் போதும். நானும் பெட்டையும் ஆளுக்கொரு மெசினில் இருந்தோம். ஐயாவைக் கதிரையில் இருத்தித் துண்டு எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். அரசாங்க உத்தியோகத்தர், பாவம், பதறிப்போய், துண்டென்று நினைத்து நான் மூக்குத் துடைத்த கைலேஞ்சியையும் ஒரு தரம் எடுத்து நீட்டினார். முதலாளி பிளேன்ரீ குடித்துக்கொண்டு, தைத்து முடிந்த ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்தார். வழக்கமாக வைப்பதைவிட இது பெரிசு, நிறையக் காசு கொள்ளும் என்று சொல்லிச் சிரித்து, கட்டைத் தூக்கிக்கொண்டு துறைக்குப் போனார்.

துறைமுகத்துச் சங்கு ஊதியது. ஐயா எழும்பி மேலிலிருந்த நூலைத் தட்டினார். "அப்ப, என்ன சொல்லுறியள்?"

பெட்டை மெசின் மூடியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

கூடைக்குள் ஒரு துண்டு மிஞ்சிக் கிடந்தது. அவளைக் கிட்டக் கூப்பிட்டு, அவள் நிற்க நிற்கவே பாவாடையின் பக்கத்தில் அந்தத் துண்டை ஊசியால் தைத்தேன். தெருக்கதவுப் பூட்டின் திறப்பை எடுத்து அதற்குள் போட்டேன்.

"நாளைக்கு நான் எழும்பப் பிந்தும். நீ வந்து கடையைத் திற."

ஐயா குடையை எடுத்துக்கொண்டார்.

அவள் வழக்கம்போல வாசலில் நின்று திரும்பினாள். ஒரு கையைத்தான் விரித்தாள். மற்றக் கை பொக்கற்றுக்குள் திறப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாவாடையை உதறாமலே படியிறங்கிப் போனாள்.