பதினைந்து பக்கம் குறைந்த கையேடு

எண்பதுகளின் கடைசியில், டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் தினக்கூலிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். பழைய கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்த ஆவணங்களை, புதிதாக வந்த கம்ப்யூட்டர் படிக்கும்படி மாற்றித் தர வேண்டும். ஃப்ளாப்பியைப் போட்டு, கட்டளை ஒன்றைத் தட்டிவிட்டுக் காத்திருப்பதுதான் வேலை. பெரும்பாலும் காத்திருந்தேன்.

பிரிவு அதிகாரி திருநெல்வேலிக்காரர். அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறவிருந்தார். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் சாமான்கள் லாரியில் ஊருக்குப் போய்விட்டன. அவரும் மனைவியும் இரண்டு பாய்களும் மிச்சம். ஒப்படைப்புப் பட்டியலில் புது அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் அவருடைய பென்ஷன் தாள்கள் நகரும். பட்டியலின் கடைசி வரி: கொள்முதல் விதிக் கையேடு, புதிய வடிவில், 212 பக்கங்கள், ஃப்ளாப்பி, ஒன்று.

கையேட்டை மாற்றி அச்செடுத்தேன். 197 பக்கங்கள் வந்தன.

"பதினஞ்சு பக்கத்த எங்கம்மா விட்ட?"

"ஒரு வரிகூட விடல சார். புதுசுல பக்கத்துக்கு நாலு வரி கூடப் பிடிக்குது."

"வரிய யாரு எண்ணுதா? லிஸ்ட்ல பக்கம்தான போட்டிருக்கு."

பட்டியலைத் திருத்தலாமே என்றேன். திருத்தினால் விளக்கம் கேட்பார்கள், விளக்கத்தைப் பரிசீலிக்க ஒரு கமிட்டி போடுவார்கள் என்றார். மிகையாகச் சொல்லவில்லை. அப்படி ஒரு கமிட்டியில் அவரே இரண்டு வருஷம் இருந்திருக்கிறார்.

ஆகவே பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் பக்கம் எங்கே முடிந்ததோ அங்கேயே புதியதையும் வெட்டிக்கொண்டு போனேன். இரண்டு நாள் ஆயிற்று. 212 வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நாலு வரிக்கு வெற்றிடம் விழுந்தது.

கடைசி நாள் காலையில் புது அதிகாரி பக்கங்களை எண்ணினார். மீரட்காரர். எண்ணிக்கை சரியாக இருந்தது. பிறகு பக்கங்களின் அடியைப் பார்த்தார். அந்தக் காலி இடத்தில் நாளை யாராவது நாலு வரி டைப் அடித்துச் சேர்த்துவிட்டால் பொறுப்பு தன்னுடையது என்று இந்தியில் சொன்னார்.

"டீக் ஹை" என்று ஒப்புக்கொண்டார் எங்கள் அதிகாரி. என் பக்கம் திரும்பி, "அந்த ஆள் இடத்துல நான் இருந்தாலும் அதத்தான் கேப்பேன்" என்றார்.

அரசுப் பதிவேடுகளில் வெற்றிடத்தைக் கோடு போட்டு அடைப்பது வழக்கம். ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்துக்கு ஒரு குறுக்குக் கோடு, கோட்டுக்கு ஒரு சுருக்கொப்பம். நான் தாள்களை எடுத்துக் கொடுத்தேன். சாப்பாட்டுக்கு முன் தொண்ணூறைத் தாண்டினார். பிரிவுபசாரம் நூற்று அறுபதாம் பக்கத்தில் நடந்தது. சமோசா, தேநீர், மூன்று பேச்சுகள். முடிந்ததும் மாலையைக் கழற்றி அலமாரி மேல் வைத்துவிட்டு நூற்று அறுபத்தொன்றை எடுத்தார்.

ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்தது. புது அதிகாரி பேனாவைத் திறந்தார். எங்கள் அதிகாரி மேஜை மேல் கிடந்த ஃப்ளாப்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுலயும் கோடு இருக்குல்லா?"

புது அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பேனா நின்றது.

"இருக்கு சார்" என்றேன்.

அவர் ஃப்ளாப்பியை உறையில் போட்டு, வாயை ஒட்டி, ஒட்டிய இடத்தில் ஒரு சுருக்கொப்பம் இட்டார். பட்டியலில் கையெழுத்து ஆயிற்று.