பக்கத்தூட்டு பீரியட்

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் மணி அடித்ததும் சுமலதா டீச்சர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். கரும்பலகைக்கு முன்னால் இனி பிள்ளைகள்தான். மணி பார்த்தால் அவர்களை அவசரப்படுத்தத் தோன்றும் என்று கைக்கடிகாரத்தையும் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார்.

"உங்கூட்டுக் கதை வேணாம். பக்கத்தூட்ல எப்படிக் கும்புடறாங்க, அதச் சொல்லு."

மத்திகிரியில் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கு ஒரே சுவர். பீகார்க்காரர், ஆந்திராக்காரர், ஊத்தங்கரையிலிருந்து வந்தவர் என்று யார் வீட்டில் எப்போது மணி அடிக்கிறது, யார் வீட்டில் தொழுகைக்குப் பாய் விரிக்கிறார்கள் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். சொல்லி முடித்ததும் அந்த வீட்டுப் பிள்ளை எழுந்து "சரி" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் பாடம் செல்லும். யாராவது முகம் சுளித்தால் தன் ஊர் வேப்பனப்பள்ளித் தெலுங்கில் ஓர் அதட்டல், பிறகு தமிழில், "நல்லதா கெட்டதான்னு நா கேக்கல கண்ணு. என்ன பண்றாங்கன்னு கேட்டேன்."

தமிழரசன் வீட்டில் சாமியே கிடையாது. "ஞாயித்துக்கெழமையானா அவங்கப்பா பைக்கத் தொடைப்பாரு டீச்சர்" என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னபோது வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "எத்தன மணிக்கு?" என்று அக்கறையாகக் கேட்டார்.

போன வெள்ளி, முதல் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து நின்றார் ஹரிணியின் அப்பா மாதேஷ். "எம்பொண்ணு அடுத்தவங்க சாமியப் படிக்கவா வருது? டி.சி. குடுத்துடுங்க மேடம்."

நாலாம் வகுப்பில் தடுமாறாமல் வாசிக்கிற பிள்ளை அவள் ஒருத்திதான். டீச்சர் "பீரியட் முடியட்டும்ண்ணா" என்று மட்டும் சொன்னார். மாதேஷ் வாசலிலேயே நின்றுகொண்டார்.

அன்றைக்கு அஃப்ரினின் முறை. ஹரிணி வீட்டுக்கு அடுத்த வீடு.

"செவ்வாக்கெழம மாரம்மாவுக்கு ரெண்டு வெளக்கு வெப்பாங்க டீச்சர். ஹரிணி அப்பா கம்பெனி கார்டக் கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் கும்புடுவாரு. அவரு கும்புட்டு முடிக்கிறவரைக்கும் எங்கம்மா மிக்சி போடாது."

"சரியா ஹரிணி?"

ஹரிணி அப்பாவைப் பார்த்தாள். அவர் கழுத்தில் தொங்கிய கார்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"மூணு," என்றார். "வெளக்கு மூணும்மா. மத்ததெல்லாம் சரி."

சுமலதா டீச்சர் எழுந்தார். தன் நாற்காலியைக் கொண்டுபோய் வாசல் பக்கம் போட்டுவிட்டு, பின்பெஞ்சில் பிள்ளைகளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.