கரம்பை மண்

முகத்தில் பூசிக்கொள்ள என் மகள் வரவழைத்திருந்த கொரியக் களிமண் டப்பாவை இன்று திறந்ததும், எங்கள் ஊர்க் குட்டையின் வாசனை மூக்கில் ஏறியது. செந்துறைப் பக்கத்து ஊர் எங்களுடையது. வெள்ளிக்கிழமைகளில் பெண்களெல்லாம் அந்தக் குட்டையில் கூடி, கோடையில் குட்டை வற்றும்போது அடியில் வெட்டிக் காயவைத்த கரம்பை மண்ணை ஊறவைத்துக் கூழாக்கித் தலையில் அப்பிக்கொண்டு, அது காய்ந்து மண்டைத்தோலை இழுக்கும்வரை ஊர்க்கதை பேசிச் சிரிப்பார்கள். “கண்ண மூடிக்கடி, எரியும்” என்று அதட்டியபடி அம்மா எனக்குத் தேய்த்துவிடுவாள். அலசி உலர்ந்தால் மயிர் பட்டாக வழுக்கும். பள்ளிக்கூடத்தில் டீச்சர்தான் மூக்கைப் பொத்திக்கொள்வார்: “சேத்துல பொரண்டுட்டா வர்றீங்க? ஷாம்பு போட மாட்டீங்களா?”

குட்டை இருந்த இடம் இப்போது சிமெண்டு ஆலைக்காரர்கள் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளம். எங்கள் கரம்பையைக் கழிவு மண் என்று வழித்தெடுத்து, ஓரத்தில் மலையாகக் கொட்டிவிட்டார்கள். அதன்மேல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. எங்கள் தலையில் இருந்தபோது சேறு, அவர்கள் லாரியில் ஏறியபோது கழிவு. யாரைக் கேட்டு இந்தப் பெயர்களை வைத்தார்கள்?

“கொரியா நாடகத்துல வர்ற பொண்ணுங்க மூஞ்சி பளபளன்னு இருக்குல்ல, இதாலதாம்மா” என்று சொல்லிக்கொண்டே மகள் என் கன்னத்தில் பூச வந்தாள். எரிச்சலில் நான் வெடுக்கென்று முகத்தைத் திருப்பியதில் கொஞ்சம் தரையில் விழுந்தது. அவள் பதறிப்போனாள்.

“ஐயோ, சிந்தாதம்மா! எவ்ளோ தூரத்துலேருந்து வந்த மண்ணு தெரியுமா?”